பயனர் டியூப்லைட்டின் எதிர்ப்பு ஓட்டு

பெற்ற அப்பாவே மகளுக்கு எதிராக ஓட்டுப் போட்ட கதையைக் கேட்டிருக்கிறீர்களா அக்கா? அந்த மகள் நான்தான். போட்டவர் யார் தெரியுமா? சற்று முன்னால் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கண்டக்டரிடம் மட்டும், "பாப்பா கோயமுத்தூர் வரைக்கும் போகுதுங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாரே, நீலக் கட்டம் போட்ட சட்டை, அவர்தான். பாப்பாவாம். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பாப்பா. ஓட்டுப் போடும்போது மட்டும் அவருக்குப் பாப்பா ஞாபகம் வரவில்லை.

பஞ்சாயத்து எலெக்‌ஷனா? அய்யோ, அதில் நின்று தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊருக்கு நாலு போஸ்டராவது மிஞ்சியிருக்கும். இது கலைக்களஞ்சியம் அக்கா. இணையத்தில் இருக்கிறது, 'ஊருணி' என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. அப்புறம் எதற்கு எழுதுகிறாய் என்கிறீர்களா? எங்கம்மாவும் இதைத்தான் கேட்பாள். கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் தேங்காய் துருவப் போய்விடுவாள். உங்களால் போக முடியாது. அந்தப் பக்கம் மூட்டை, இந்தப் பக்கம் நான்.

ஊருணியில் நிர்வாகி என்று ஒரு பதவி உண்டு. நாற்காலி, மேசை எல்லாம் இல்லை. ஒரு பக்கத்தைப் பூட்டலாம், பூட்டைத் திறக்கலாம், வம்பு செய்கிறவரைத் தடை செய்யலாம். தடை விழுந்தால் அந்த ஆள் அங்கே ஒரு எழுத்து எழுத முடியாது. அவ்வளவுதான் அதிகாரம். நான் நிற்கிறேன் என்று அறிவித்தேன். பொதுச் சேவைக்காக. வேறு காரணமே கிடையாது. ஒரு வாரம் ஓட்டெடுப்பு, இன்று சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது. ஓட்டுப் போடுகிற ஆட்கள் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். ஒருத்தரைத் தவிர அத்தனை பேரும் 'ஆதரவு' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் எங்கள் மரபில் ஓர் எதிர்ப்பு நின்றாலும் போச்சு, 'ஒருமித்த கருத்து இல்லை' என்று மூடிவிடுவார்கள். அந்த ஓர் எதிர்ப்பு எங்கள் வீட்டு ஹாலில் இருந்து வந்தது. நான் உள்ளறையில் இருக்கிறேன். நடுவில் ஒரு கதவு. அதுவும் சாத்தாத கதவு.

காரணம் என்ன எழுதினார் தெரியுமா? "அனுபவம் போதாது." எனக்கு! அந்த மனிதருக்கு அங்கே கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவளே நான்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அவர் முகராசி அப்படி. பார்த்தால் பாவம் போல இருக்கும். தாராபுரம் ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். நான் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷம் தினமும் போன் அடிப்பார். லேப்பில் இருப்பேன், அடிக்கும். மெஸ்ஸில் தட்டோடு நிற்பேன், அடிக்கும். எடுத்தால் என்ன பேசுவார்? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன?" "சாம்பார்." "சரி, வச்சிரு." இதற்கு ஒரு போனா அக்கா? எடுப்பதையே விட்டுவிட்டேன். பிறகு ஒரு லீவில் நான் ஊருணியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"இது யாரு?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கா இத்தனை பெருசா எழுதற?"

"புதுப் பயனர் கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லணும்பா. அது இங்க மரபு."

நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போன அதே வாரம் கணக்குத் தொடங்கிவிட்டார். கலைக்களஞ்சியத்தின் மேல் மனிதருக்கு அவ்வளவு ஆர்வம். பயனர் பெயருக்குக் கடைப் பெயரைப் போட்டார். விளம்பரம் கூடாது என்று சாதிக் அண்ணன் தூக்கிவிட்டார். சாதிக் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார், இப்போதைக்கு எங்களுக்கு இருக்கிற ஒரே நிர்வாகி. முகம் பார்த்ததில்லை, ஆனால் பூட்டும் சாவியும் அவரிடம். அப்பாவுக்கு ரோஷம் வந்து, வீட்டில் அம்மா அவரைத் திட்டுகிற பெயரையே வைத்துக்கொண்டார். டியூப்லைட். அன்றிலிருந்து எழுத்தில் நான் அவரை விளிப்பது, "மதிப்பிற்குரிய பயனர் டியூப்லைட் அவர்களுக்கு" என்று. அங்கே என் பெயர் தீப்பொறி.

அவர் கேட்ட கேள்விகளை நீங்கள் பார்க்க வேண்டும். "கையெழுத்து இடுவது எப்படி?" எழுதியதற்குக் கீழே நம் பெயர் விழச் செய்வதுதான் அங்கே கையெழுத்து. பாரா பாராவாக விளக்கினேன். மறுநாள், "கையெழுத்தில் தேதியும் வருமா?" விளக்கினேன். அதற்கு மறுநாள், "நேற்று விளக்கியதை இன்னொரு முறை விளக்க இயலுமா?" மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதருக்கு இது மண்டையில் ஏறவில்லை. அம்மா ஒன்றும் சும்மா அந்தப் பெயரை வைக்கவில்லை.

இருங்கள், போன். அவர்தான். எடுக்க மாட்டேன். நேரில் பேசாதவர் போனில் என்ன பேசுவார்? பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்பார். இடத்தில் துண்டு போட்டதே அவர். அடிக்கட்டும், தானாக நிற்கும்.

சண்டை எதில் ஆரம்பித்தது என்றால், யூஃபோனியத்தில். அப்படி என்றால் என்னவா? கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் போகும் இல்லையா, அதில் ஒருத்தர் கைக்குழந்தையைத் தூக்கி வைத்த மாதிரி, பித்தளையில் குடம் பெருசுக்கு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊதுவார். அதன் வாய் வானத்தைப் பார்த்து இருக்கும். அதுதான். நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேனா? அது இப்போது எதற்கு? நிலாவைப் பற்றி எழுதுகிறவர் நிலாவுக்குப் போய்விட்டா வந்து எழுதுகிறார்?

ஏப்ரலில் ஊருணியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். பறவைகளை ஒருத்தர் எடுத்தார், ஆறுகளை ஒருத்தர் எடுத்தார். சீண்டுவார் இல்லாமல் கிடந்தது பித்தளை இசைக்கருவிகள். நான் எடுத்தேன். ஊதிக்கொண்டே ஒரு குழாயை முன்னும் பின்னும் இழுப்பார்களே, ட்ராம்போன், அதற்கு 'இழுகொம்பு' என்று தலைப்பு வைத்தேன். யானைத் தும்பிக்கை மாதிரி பெரிதாக இருக்கிற ட்யூபாவுக்குப் 'பெருங்கொம்பு'. யூஃபோனியம் என்றால் கிரேக்கத்தில் இனிய குரல் என்று பொருளாம். ஆகவே 'இன்குரல் கொம்பு'. சொல்லிப் பாருங்கள், எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது. ஒரு பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லை என்றால் அது நம் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி என்று பேச்சுப் போட்டியில் பேசிக் கோப்பை வாங்கியவள் நான். என்ன சிரிப்பு? பஸ், லேப், ஹாஸ்டல் என்று பேசுகிறேன் என்றா? பேச்சு வேறு அக்கா, தலைப்பு வேறு.

மே மாதம் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் என் கட்டுரையின் தலைப்பு 'யூஃபோனியம்' என்று மாறியிருக்கிறது. மாற்றியவர் டியூப்லைட். மாற்றுவதற்குக் காரணம் எழுத ஒரு பெட்டி இருக்கும். அதில், "நான் ஊதியிருக்கிறேன்."

பழனியில் காலேஜ் படித்தபோது என்.சி.சி. பேண்டில் இருந்தாராம். அதில் யூஃபோனியம் வாசித்தாராம். அம்மாவிடம் கேட்டேன். "ஊதினாராமா? அவரு சூடு காப்பியவே ஊதிக் குடிக்கச் சோம்பப்பட்டுப் பச்சத் தண்ணி கலந்து குடிக்கறவரு" என்றாள்.

நான் தலைப்பைத் திரும்ப மாற்றினேன். ஹாலில் அவர் போன் 'டிங்' என்றது. அவர் மாற்றினார். என் லேப்டாப் 'டிங்' என்றது. நான் மாற்றினேன். அவர் கடை திறக்கப் போகவில்லை, நான் குளிக்கவில்லை. மஸ்கட்டில் சாதிக் அண்ணன் விழித்துப் பார்த்துவிட்டு, "இருவரும் நிறுத்துங்கள்" என்று பக்கத்தைப் பூட்டிவிட்டார். அந்த நேரத்தில் எந்தத் தலைப்பு இருக்கிறதோ அதோடு பூட்டுவதுதான் வழக்கம். எந்தத் தலைப்பு இருந்தது? அவர் தலைப்பு. நான் பல் தேய்க்கப் போயிருந்தேன் அக்கா! பல் தேய்த்த பாவத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் அநாதையானது.

அன்றைக்கே வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. முழுதாக நின்றது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் என்று ஒன்று இருக்கும், தர்க்கம் செய்வதற்கு. அங்கே பேசிக்கொண்டோம். செந்தமிழில். "பயனர் தீப்பொறி முன்வைக்கும் சொல்லைப் பேண்டுக் கலைஞர் ஒருவரும் அறியார்" என்பார். "பயனர் டியூப்லைட் அவர்களின் கூற்றுக்குச் சான்று தேவை" என்பேன். நடுவில் ஒரு நாள், "பயனர் தீப்பொறிக்கு: இட்லி ஆறுகிறது. கட்டுரைக்குத் தொடர்பற்றது, பொறுத்தருள்க" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ ஒரு பயனர், "இப்பக்கம் கட்டுரை மேம்பாட்டுக்கு மட்டுமே" என்று எங்கள் இரண்டு பேரையும் எச்சரித்துவிட்டுப் போனார். நான் போய் இட்லியைச் சாப்பிட்டேன். சட்னி தீர்ந்து போயிருந்தது.

சான்றுதான் அங்கே எல்லாம். அச்சில் எங்காவது வந்திருக்க வேண்டும். கடவுளே வந்து சொன்னாலும் அச்சில் காட்டு என்போம். தேடினேன். கிடைத்தது! வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பேண்டு குழு. கல்யாண ஆர்டர் பிடிக்க நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அதில் கொட்டை எழுத்தில், "இன்குரல் கொம்பு, இழுகொம்பு, கிளாரிநெட் அடங்கிய முழு பேண்டு செட்." தோழி வாட்ஸப்பில் அனுப்பினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊதுகிற ஆட்களே என் பெயரைச் சொல்லுகிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? படத்தைப் போட்டேன், கீழே ஒரே வரி எழுதினேன்: "இனி வாதம் உண்டோ?"

இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கடையைச் சாத்திவிட்டு, அந்த வெயிலில் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு வேடசந்தூருக்கே போய்விட்டார். பேண்டு முதலாளியைப் பிடித்து விசாரித்திருக்கிறார். அவர், "எனக்குத் தெரியாதுங்க, ஏதாச்சும் கம்பீரமாப் போடுங்கன்னு பிரஸ்ஸுல சொன்னேன்" என்றிருக்கிறார். பிரஸ்ஸுக்குப் போயிருக்கிறார். அங்கே டிசைன் செய்கிற பையன், "ஊருணியில இருந்துதாண்ணே எடுத்தேன்" என்றிருக்கிறான். என் கட்டுரை, அக்கா! தலைப்பு பூட்டப்படுவதற்கு முன்னால் எடுத்திருக்கிறான். சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்து உரையாடல் பக்கத்தில் எழுதினார்: "நேரில் விசாரித்தேன். பயனர் தீப்பொறியின் சான்று பயனர் தீப்பொறியே."

நான் விடுவேனா? "நேரில் விசாரித்தது சொந்த ஆய்வு. சொந்த ஆய்வு ஊருணியில் செல்லாது" என்று விதியைக் காட்டினேன். செல்லாதுதான். விதி அப்படித்தான் இருக்கிறது. மேலும் எங்கிருந்து எடுத்தால் என்ன, அச்சில் வந்தது வந்ததுதானே? பக்கத்து வீட்டில் வாங்கின உறையை ஊற்றினால் நம் வீட்டுப் பால் தயிர் ஆகாதா?

பதிலுக்கு அவர் ஒரு சான்று கொண்டுவந்தார். பழைய போட்டோ. காலேஜ் மைதானத்தில் ஒல்லியாக மீசை முளைக்காத நாலைந்து பேர். ஓரத்தில் ஒருத்தர் மடியில் அந்தக் குடம். பின்பக்கம், "யூஃபோனியத்துடன் சௌந்தரபாண்டி" என்று எழுதியிருக்கிறது. சௌந்தரபாண்டி எங்கப்பாதான். நான் அசலை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். மை ஒட்டியது. அம்மா வழியாகக் கேட்டேன், பேச்சு இல்லை அல்லவா.

"அம்மா, இது எப்ப எழுதினதுன்னு கேளு."

"ஏங்க, இது எப்ப எழுதினது?"

"அது... காலேஜுல இருந்தப்ப."

"இங்க்கு காயலையாம், கேளு."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "எழுத்து மங்கிப் போச்சு. மறுபடி எடுத்து எழுதினேன்."

"நேத்தா?"

"ரெண்டு நாளாச்சு."

அம்மா கத்தினாள். "சிட்டைக்கு எழுதற பேனாவக் காணோம்னு வீடு பூரா தேடறேன், அப்பனும் மகளும் அதுல குழாய்க்குப் பேரு எழுதிக்கிட்டு இருக்கீங்களா? ரெண்டு பேர்ல யாராவது அந்தச் சனியனை ஒருதரம் தொட்டுப் பாத்திருக்கீங்களா?" அப்பா, "நான் தொட்டிருக்கேன்" என்றார், மெதுவாக. "தூக்கிட்டுப் போறதுக்கா, ஊதறதுக்கா?" என்று அம்மா கேட்டாள். அதற்கு மனிதர் கடைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். இதை வைத்தே அவரை முடித்திருக்கலாம். ஆனால் அம்மா அச்சில் வரவில்லையே, சான்றாகக் காட்ட முடியாது.

பக்கமோ பூட்டியே கிடந்தது. இரண்டு பேருமே சான்று இல்லாமல் நிற்கிறோம், ஆனால் மேலே தலைப்பு அவருடையது. எப்படித் தூக்கம் வரும்? அப்போதுதான் சாதிக் அண்ணன், தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை, இன்னொரு நிர்வாகி வேண்டும் என்று அறிவித்தார். நான் நின்றேன். ஏற்கெனவே சொன்னேனே, பொதுச் சேவை. பூட்டைத் திறக்கிற அதிகாரம் கூடவே வருகிறது என்பது தற்செயல்.

அன்றைக்கு மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நல்ல மனநிலையில் இருந்தேன். அம்மாவைப் பார்த்து, "அம்மா, நான் நிர்வாகி ஆனா முதல் தடை யாருக்குன்னு அவருகிட்டச் சொல்லி வை" என்றேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஏங்க, உங்களுக்குத்தானாம்" என்றாள். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தடைன்னா எத்தன நாளைக்கு?" என்று அம்மாவைக் கேட்டார். "நிரந்தரமா" என்றேன் நான். தமாஷுக்குத்தான். பாதி தமாஷ். மோருக்கு நிற்காமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஓட்டெடுப்பு தொடங்கியது. தொடங்கினதும் விழுந்த முதல் ஓட்டு, எதிர்ப்பு. டியூப்லைட். அனுபவம் போதாது.

அழுதேனா? எதற்கு அழ வேண்டும்? கண்ணில் தூசி. வீட்டில் பெருக்கியே நாளாகிறது. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா, பிள்ளைக்கு மார்க்குக் குறைந்தால் டீச்சரோடு சண்டை போடுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை பாடினால் சுதி சேராவிட்டாலும் கை தட்டுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம், 'தகுதியானவர்', 'கடும் உழைப்பாளி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு குழாயின் பெயருக்காகப் பெற்றவர் இப்படிச் செய்வாரா? பிடிவாதம். வேறொன்றும் இல்லை. தன் தலைப்பு போய்விடும் என்கிற பயம். எனக்கு அந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது. நான் நியாயத்துக்காகப் பேசுகிறவள்.

ஆனால் நானும் இலேசுப்பட்டவள் இல்லை. விதிகளைப் புரட்டினேன். எதிர்த்து ஓட்டுப் போட்டவரிடம் வேட்பாளர் ஒரு கேள்வி கேட்கலாம். முடிவு நேரத்துக்குள் அவர் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஓட்டு செல்லாது! இன்று மதியம் பெட்டி கட்டி முடித்துவிட்டுக் கேள்வியைப் போட்டேன். "மதிப்பிற்குரிய பயனர் டியூப்லைட் அவர்களுக்கு, அனுபவம் போதாது என்றீர்கள். தங்கள் எதிர்ப்புக்கு உண்மையான காரணம் யாது?" ஹாலில் 'டிங்' என்றது. அவர் படித்தார், பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஒன்றும் எழுதவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

என்ன எழுதுவார்? எழுத என்ன இருக்கிறது? யூஃபோனியத்துக்காகத்தான் என்று ஒத்துக்கொண்டால் ஊருணி முழுக்கச் சிரிக்கும். கடையில் கூட்டம் சேர வேண்டும், போனைத் தொட அவருக்கு நேரமே இருக்கக் கூடாது என்று பழனி மலை தெரிந்தபோது கும்பிட்டுக்கொண்டேன். நீங்கள்கூட என்ன வேண்டுதல் என்று கேட்டீர்களே, இதுதான். உடுமலை தாண்டி வந்துவிட்டோம். ஆறு அடிக்கப் போகிறது. பொள்ளாச்சிக்குள் நுழைவதற்குள் நான் நிர்வாகி அக்கா. இறங்கும்போது ஒரு நிர்வாகியின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் நீங்கள். முதல் வேலையாகப் பூட்டைத் திறப்பேன், தலைப்பை மாற்றுவேன், அப்புறம் அவர் போன் அடித்தால்கூட எடுத்து...

இருங்கள். டிங்.

அவர்தான். எழுதிவிட்டார். பாருங்கள், முடிகிற நேரத்தில், கண்கொத்திப் பாம்பு மாதிரி. சிக்னல் வேறு சுற்றுகிறது. வந்துவிட்டது. இல்லை, நானே படிக்கிறேன், உங்களுக்குக் கேட்கிற மாதிரி.

"மதிப்பிற்குரிய வேட்பாளர் தீப்பொறி அவர்களுக்கு, வணக்கம். அனுபவம் போதாது என்பது முன்பொரு வேட்பாளரை யாரோ எதிர்த்தபோது எழுதிய வாசகம். அதைப் பார்த்து எழுதிவிட்டேன். என் காரணம் அதுவன்று. தாங்கள் நிர்வாகியானால் முதல் தடை எனக்குத்தான் எனவும், அது நிரந்தரம் எனவும் மதிய உணவின்போது மூன்றாம் நபர் வழியாக அறிவித்துள்ளீர்கள். தடை செய்யப்பட்ட பயனர் தங்களுக்கு எதுவும் எழுத இயலாது. போனைத் தாங்கள் எடுப்பதில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கட்டுரைக்கு இன்குரல் கொம்பு என்றே தலைப்பு வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. எதிர்ப்பு ஓட்டை மட்டும் திரும்பப் பெற இயலாது."